நரகத்தில் அடுப்பு பற்றவில்லை

இங்கிலாந்துக் கடற்கரை ஊரான ஹோவில் நரகம் முதன்முதலாகக் கண்ணில் பட்டது ஜெபக்கூட்டத்துக்கு வந்தவர்களுக்குத்தான். மே மாதத்துப் புதன்கிழமை. சாயங்கால வெளிச்சம் இன்னும் வடியவில்லை. ஆலயத்தின் மேல்மாடத்தில் உட்கார்ந்திருந்த ரொட்டிக்கடைக்காரர் மனைவி, ஜன்னல் பக்கம் தற்செயலாகத் தலையைத் திருப்பியவள், திருப்பியபடியே இருந்துவிட்டாள். மதிலுக்கு அந்தப்புறம், பக்கத்துத் தோட்டத்தில், மரமேடை ஒன்றின் மேல் ஆளுயரத்துக்கும் மேலான துணிப் படல்கள் நின்றன. குகை, தொங்கும் சங்கிலிகள், மண்டையோடு பதித்த வாசல், சுற்றிலும் நெருப்பு, எல்லாமே சாம்பலும் கறுப்பும் வெள்ளையுமாகத் தீட்டியிருந்தது. ஏணியில் நின்று, பாவாடையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, நெருப்புக்கு நாக்கு வரைந்துகொண்டிருந்தாள் கெசையா டப்பன்.

"ஐயையோ, அது நம்ம கெசையா இல்ல?" என்று அவள் கிசுகிசுத்தது, கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்த போதகர் சைலஸ் பில்பீமின் காது வரைக்கும் போனது.

நம்ம கெசையாவேதான். அந்தச் சபையில் ஞானஸ்நானம் எடுத்தவள். பிரசங்க மேடைக்குப் பின்சுவரில் வளைவாக எழுதியிருக்கும் வேத வசனமே அவள் கைவேலை. வயது முப்பத்தெட்டு, கல்யாணம் ஆகவில்லை. அப்பா விட்டுப்போன பெயர்ப்பலகைக் கடையை அவளும் அண்ணன் ஜேபஸும் நடத்தினார்கள். நடத்தினார்கள் என்றால், அண்ணன் வாடிக்கையாளரிடம் பேசுவான், தங்கை எழுதுவாள்.

அந்தக் கடைக்கு வசந்தகாலத் தொடக்கத்தில் பென்ஃபோல்ட் என்பவர் வந்தார். மாயவிளக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் படம் காட்டித் திரிந்த மனிதர். இப்போது ஓடும் படம் எடுக்கும் பித்து பிடித்து, ஆலயத்துக்கு அடுத்த தோட்டத்தை வாடகைக்கு எடுத்திருந்தார். காயப்போட்டிருந்த பலகை ஒன்றின் முன் நின்று தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார்.

"எழுத்து அப்படியே பலகைய விட்டு எழுந்து வருதேம்மா! பாறையும் இப்படி எழுந்து வருமா?"

"நிழல் சரியா விழுந்தா பாறை என்ன, பானையும் எழுந்து வரும்" என்றாள் கெசையா.

அவ்வளவுதான். மறுநாளே தோட்டத்துக்குப் போய்விட்டாள். முதலில் செந்நெருப்புத்தான் தீட்டினாள். பென்ஃபோல்ட் ஒரு துண்டு படம் எடுத்துக் கழுவிக் காட்டினார். நெருப்பு இருந்த இடமெல்லாம் கரிக்கட்டை மாதிரிக் கிடந்தது. சிவப்பு அந்தப் படத்தில் கறுப்பாகத்தான் விழும் என்று அன்றைக்குத்தான் இருவருக்கும் புரிந்தது. அப்புறம் அவள் நெருப்பை வெள்ளையில் தீட்ட ஆரம்பித்தாள். பசை காய்ச்சி, சுண்ணாம்புப்பொடி கலந்து, விளக்குக் கரியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, சாம்பலில் எத்தனை விதம் உண்டோ அத்தனையும் கலந்து வைத்துக்கொண்டாள். படத்தில் பார்த்தால் தகதகவென்று எரிந்தது. மதிலுக்கு அந்தப்பக்கத்திலிருந்து பார்த்தால், உண்மையைச் சொல்வதானால், முட்டைக்கோஸ் தோட்டம் மாதிரித்தான் இருந்தது.

படத்தின் கதை இதுதான். கரியில் கல்லைக் கலந்து விற்கும் நிலக்கரி வியாபாரி ஒருவன், ஒரு வீட்டுக் கரிக்குழிக்குள் தவறி விழுந்து நேராக நரகத்துக்குப் போய்ச் சேருகிறான். அங்கே பிசாசு அவனை ஈட்டியால் குத்தி விரட்ட வேண்டும் என்றுதான் பென்ஃபோல்ட் முதலில் சொன்னார். கெசையா தூரிகையைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"நரகத்துக்குக் கரி யாருங்க போடறது?"

"ஏன், என்ன?"

"இவன்கிட்டயே வாங்கினதா இருந்தா? பிசாசு உக்காந்து ஊதி ஊதிப் பாக்கறான். அடுப்பு பத்தவே மாட்டேங்குது. மூடியத் தொறந்தா பூராவும் கல்லு."

பென்ஃபோல்ட் தொடையில் தட்டிச் சிரித்தார். அன்று மத்தியானமே நரகத்தின் நடுவில் ஒரு பெரிய சமையல் அடுப்பு முளைத்தது.

அது அவளுக்கு எங்கிருந்து தோன்றியது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் சொல்லியிருக்க மாட்டாள். ஆண்டவர் தேர்ந்தெடுத்தவர்கள் கொஞ்சப் பேர்தான், மற்றவர்களுக்கு நெருப்பு என்பது அந்தச் சபையின் போதனை. அந்தக் கொஞ்சப் பேரில் தாம் இருக்கிறோமா என்று யாருக்கும் நிச்சயமில்லை. கெசையாவின் அம்மா ஒரு பாவமும் அறியாதவள். சாகக் கிடந்தபோது, "நான் இருக்கேனாடி, அந்தக் கணக்குல நான் இருக்கேனா?" என்று மகள் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். போதகர் கட்டிலை விட்டு எட்ட ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் இருந்தார். அம்மா பயந்தபடியே கண்ணை மூடினாள். அந்த முகம் கெசையாவுக்கு மறக்கவே இல்லை. அணைந்துபோன அடுப்பை நரகத்தின் நடுவில் வரைந்தபோது, பல வருஷங்களாக நெஞ்சில் இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று கொஞ்சம் தளர்ந்த மாதிரி இருந்தது அவளுக்கு.

ஜெபக்கூட்டத்துக்கு மறுநாள் சாப்பாட்டு மேசையில் ஜேபஸ் வெடித்தான். சபையின் மூப்பர்களில் அவனும் ஒருவன்.

"பெயின்ட் அடிக்க ஊர்ல வேற எடமே கெடைக்கலையா உனக்கு? முட்டைக்கடைக்காரன் பலகை அங்க காத்துக் கெடக்கு. இவ போய் சாத்தானுக்கு வீடு கட்டிக் குடுக்கறா!"

"வீடு இல்லண்ணே. சமையக்கட்டு மட்டுந்தான்."

"வாயப் பாரு வாய! காணிக்கைத் தட்ட எடுத்துட்டுப் போனா ஒவ்வொருத்தனும் என் மூஞ்சியப் பாத்துச் சிரிப்பான்டி!"

"சிரிச்சா சிரிக்கட்டும். அந்தக் கோயில்ல யாரும் சிரிச்சு நான் பாத்ததே இல்ல."

ஜேபஸ் உருளைக்கிழங்கை முள்கரண்டியால் ஓங்கிக் குத்தினான்.

அடுத்த வாரமே போதகர் நேரில் வந்துவிட்டார். நெட்டையான, ஒடிசலான மனிதர். தோட்டத்துக் கதவைத் திறந்தபோது ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. பிசாசு வேஷம் ஆல்பி கோரிஞ்ச் என்ற கழைக்கூத்தாடிக்கு. கோடைக்காலத்தில், கடலுக்குள் நீளும் கேளிக்கைக் கடற்பாலத்தில் குட்டிக்கரணம் போடுகிறவன். கொம்பும் வாலுமாக அடுப்பின் முன் மண்டியிட்டு, கன்னம் உப்ப ஊதிக்கொண்டிருந்தவன், போதகரைக் கண்டதும் மரியாதையாக எழுந்து நின்றான்.

"வாங்க சாமி, உள்ள வாங்க. பாத்து கால வைங்க, நெருப்பு இன்னும் காயல."

போதகர் அவனைப் பார்த்தும் பார்க்காதவர்போல் கெசையாவிடம் போனார்.

"என்னம்மா இது?"

"நரகங்க ஐயா."

"அது தெரியுது. நடுவுல அது என்ன?"

"அடுப்பு. பத்தாது. கரியில கல்லு."

போதகர் கொஞ்ச நேரம் அந்த அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். பேச ஆரம்பித்தபோது குரலில் கோபத்தைவிட வேறு ஏதோதான் அதிகம் இருந்தது.

"நான் இந்த ஊருக்கு வந்த நாள்லேர்ந்து, அந்த ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்னு, நரகம் வெளையாட்டில்லன்னு சொல்லிட்டு வர்றேன். தொண்டை கட்டச் சொல்லிட்டு வர்றேன். ஞாயித்துக்கெழம பிள்ளைங்ககிட்ட நரகம்னா என்னன்னு கேட்டா, ஒரு குட்டி எந்திரிச்சு, 'முட்டைக்கோசுக்கு நடுவுல ஒருத்தன் ஊதிக்கிட்டு இருப்பான்'னு சொல்லுது. சபை முழுக்கச் சிரிப்பு. நான் என்னத்தச் சொல்ல?"

ஆல்பி சிரிப்பை அடக்க வாலைக் கடித்துக்கொண்டான். கெசையாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"எங்கம்மா..." என்று ஆரம்பித்தாள். கையிலிருந்த தூரிகையைக் குனிந்து பார்த்தாள்.

போதகரும் அந்தச் சொல்லைக் கேட்டதும் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். பிறகு, தரையைப் பார்த்தே சொன்னார்: "இத விடற வரைக்கும் நீ திருவிருந்துக்கு வர வேண்டாம்மா. மூப்பருங்க சேந்து சொன்னது."

மூப்பர்களில் அண்ணனும் உண்டு என்பது அவளுக்கு உறைக்காமல் இல்லை.

கெசையா வீம்புக்காரி அல்ல. பிறந்ததிலிருந்து அவளுக்கு அந்தச் சபையை விட்டால் வேறு உலகம் கிடையாது. அவளோடு வளர்ந்தவர்கள், அம்மாவைப் புதைக்கச் சவப்பெட்டி தூக்கியவர்கள், தெருவில் முகம் பார்த்துப் பேசுகிறவர்கள் எல்லாரும் அதற்குள்தான். மறுநாள் தூரிகைகளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, பென்ஃபோல்டிடம் வர முடியாது என்று சொல்லிவிட்டாள். அவர் கெஞ்சிப் பார்த்தார். "வலப்பக்கம் பூரா வெறுந்துணியா நிக்குதேம்மா! பாதி நரகத்த வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" அவள் துணிச்சுருளை அணைத்துக்கொண்டு நடந்தாள். போதாக்குறைக்கு மழையும் பிடித்துக்கொண்டது. வெயில் இல்லாமல் படம் இல்லை. படல்களை எல்லாம் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார்கள்.

கெசையா கடையில் உட்கார்ந்து முட்டைக்கடைக்காரர் பலகையை எழுதினாள். எழுத்துகள் நேராக வந்தன, அழகாக வந்தன. அவளுக்கு மட்டும் அவற்றைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

மழை பெய்துகொண்டிருந்த அப்படியொரு பகலில் கடைக்கதவு மணி அடித்தது. சொட்டச் சொட்ட நனைந்த குடையோடு போதகர் நின்றார். ஜேபஸ் வெளியே போயிருந்தான். அவன் வெளியே போவதைப் பார்த்துவிட்டுத்தான் அவர் வந்தார் என்பது அப்புறம் தெரிந்தது.

"பலகை ஏதாவது எழுதணுங்களா, ஐயா?"

"இல்லம்மா." குடையைச் சுருக்கினார், விரித்தார், மறுபடி சுருக்கினார். "அவன்... எப்ப வருவான்?"

"எவன்?"

"அவந்தான். ஊதறவன்."

கெசையா தூரிகையைக் கீழே வைத்தாள். போதகர் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவர் மனைவி டார்கஸ் பனிக்காலத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டது ஊருக்கே தெரியும். போதகர் வீட்டு மாடியில், ஜன்னல் ஓரக் கட்டிலில் கிடக்கிறாள். அந்த ஜன்னல் தோட்டத்தைப் பார்த்தது என்பதைத்தான் யாரும் யோசிக்கவில்லை. முதல் படலை நிறுத்திய நாளிலிருந்து அவள் ஒன்று விடாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"டாக்டர் எலும்பு கூடிடுச்சு, எந்திரிச்சு நடக்கச் சொல்லுங்கன்னுட்டார். அவ எந்திரிக்க மாட்டேங்கறா. சாப்பாடு இறங்கல. கெடந்த கெடையில ஒரே கேள்வி. உங்கம்மா கேட்டாளே, அதே கேள்வி." போதகர் குடை நுனியால் தரையைக் கீறினார். "நான் உன்ன வந்து திட்டினேனே, அன்னைக்கு வீட்டுக்குப் போறேன், இவ சிரிக்கறா. 'பிசாசு ஊதறான், பத்தவே மாட்டேங்குதுங்க, பத்தவே மாட்டேங்குது'ன்னு கண்ணுல தண்ணி வரச் சிரிக்கறா. சூப்பு கேட்டு வாங்கிக் குடிச்சா. கிண்ணத்த வழிச்சுக் குடிச்சா, கெசையா. இப்ப தார்ப்பாயப் பாத்துட்டே கெடக்கறா. அவன் எப்ப வருவான்னு கேட்டு வரச் சொன்னா."

கூரையில் மழை கொட்டியது.

"அன்னைக்கு உங்கம்மாகிட்டச் சொல்ல எனக்கு ஒரு பதிலும் இல்லம்மா" என்றார் போதகர். "மனுஷனுக்குத் தெரியாது, ஆண்டவருக்குத்தான் தெரியும். எனக்குச் சொல்லிக்குடுத்தது அவ்வளவுதான். அத எப்படித் திருப்பிப் போட்டாலும் ஆறுதலா வரல. அதான் வாய மூடிட்டு உக்காந்திருந்தேன்."

"பதில் இல்லாட்டி என்னங்க ஐயா" என்றாள் கெசையா. "கையையாவது புடிச்சிருக்கலாம்."

"புடிச்சிருக்கலாம்" என்றார் அவர்.

கெசையா எழுந்து போய் கெட்டிலை அடுப்பில் வைத்தாள். இருவரும் தேநீர் குடித்தார்கள். குடித்து முடித்ததும் அவள்தான் கேட்டாள்.

"சபையில என்ன சொல்லுவீங்க?"

"சபையில நான் பேசிக்கறேன். உங்கண்ணன்கிட்ட யாரு பேசறதுன்னுதான் தெரியல."

மழை விட்டதும் கெசையா நரகத்துக்குத் திரும்பினாள். வலப்பக்கத்து வெறுந்துணியில் ஒரு பாத்திரம் கழுவும் தொட்டியும், அதில் குவிந்து கிடக்கும் கழுவாத சட்டிகளும் வந்தன. அண்ணனிடம் யாரும் பேசவில்லை. அவனும் அவளிடம் பேசவில்லை. மேசையில் உப்பு வேண்டுமென்றால்கூட எழுந்து வந்து தானே எடுத்துக்கொண்டான்.

படம் எடுக்கும் நாள் பளிச்சென்று விடிந்தது. வெயில் கிடைத்த சந்தோஷத்தில் கடல்காற்றை யாரும் நினைக்கவில்லை. நிலக்கரி வியாபாரியாக நடித்த பருத்த மனிதர் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு தயாரானபோது, தென்மேற்கிலிருந்து காற்று கிளம்பியது. படல்கள் படபடத்தன. பாறைகள் மூச்சு வாங்கின. மேலே ஜன்னலில், தலையணைமேல் தலையணை வைத்துச் சாய்ந்து, டார்கஸ் உட்கார்ந்திருந்தாள். சொன்னபடி எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கப் போதகர் மதிலோரம் வந்து நின்றார். பார்க்கத்தான் வந்தாராம், மனைவிக்காக.

பென்ஃபோல்ட் பெட்டியின் கைப்பிடியைச் சுழற்ற ஆரம்பித்தார். வியாபாரி குழியிலிருந்து விழுந்து உருண்டார். ஆல்பி ஊதினான். அடுப்பு பற்றவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு காற்று வந்தது பாருங்கள், குகை வாசல் அப்படியே முன்னால் சாய்ந்தது.

"விழுது! நரகம் விழுது! பின்னாடி யாராவது போங்கய்யா!" பென்ஃபோல்டுக்குக் கையை எடுக்க முடியாது. சுழற்றிக்கொண்டே கத்தினார்.

கெசையா ஒரு படலின் பின்னால் ஓடினாள். இன்னொன்றின் பின்னால் யாரென்று பார்த்தால் போதகர். கோட்டு காற்றில் பறக்க, இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்து, காலை ஊன்றி நின்றார். சரியாக அப்போதுதான் தோட்டத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு ஜேபஸ் வந்தான். தங்கையை இழுத்துக்கொண்டு போவதென்று முடிவு பண்ணி வந்தவன்.

"ஐயா! நீங்களா!"

"பேசாம அந்தக் கயித்தப் புடி, ஜேபஸ்!"

"ஐயா, இது நரகம்..."

"தெரியுது! புடிடா!"

ஜேபஸ் பிடித்தான். போதகர் சொன்னால் பிடிக்காமல் என்ன செய்வான்?

இனிமேல்தான் தந்திரக் காட்சி. பிசாசு மாயமாய் மறைய வேண்டும். பென்ஃபோல்ட் சுழற்றுவதை நிறுத்துவார், வியாபாரி கையைத் தூக்கினபடி சிலையாக நிற்க வேண்டும், ஆல்பி மட்டும் நழுவிவிட வேண்டும், பிறகு மறுபடி சுழற்றுவார். நடுவில் ஓர் அசைவு இருந்தாலும் போச்சு. "யாரும் அசையாதீங்க!" என்றார். எல்லாரும் உறைந்தார்கள். காற்று மட்டும் உறையவில்லை. படலுக்கு முன்னால் ஒரு பருத்த வியாபாரி கையைத் தூக்கி நின்றார். பின்னால் ஒரு போதகரும் ஒரு மூப்பரும் பல்லைக் கடித்து நரகத்தைத் தாங்கிப் பிடித்து நின்றார்கள்.

படப்பெட்டிக்கு முன்பக்கம் மட்டும்தான் தெரியும். தோட்டத்தில் நின்றவர்களுக்கு ஏதாவது ஒரு பக்கம்தான் தெரியும். இரண்டு பக்கமும் ஒருசேரத் தெரிந்தது மாடி ஜன்னலில் இருந்த ஒருத்திக்குத்தான். முதலில் ஒரு விக்கல் மாதிரி சத்தம். பிறகு டார்கஸ் பில்பீம் சிரித்த சிரிப்பு தோட்டம் முழுக்கக் கொட்டியது. நல்லவேளை, அது ஊமைப் படம். எவ்வளவு சிரித்தாலும் அதில் பதியாது.

"சைலஸ்! விட்டுடாதீங்க, சைலஸ்!" என்று மேலிருந்து கத்தினாள்.

போதகர் அண்ணாந்து பார்த்தார். மனைவி தலையணையைக் கட்டிக்கொண்டு சிரிப்பதைப் பார்த்தார். சட்டத்தை விடாமல், முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார். வியர்வையா, வேறேதாவதா என்று கெசையா கூர்ந்து பார்க்கவில்லை.

எல்லாம் அன்றோடு சுபமாக முடிந்துவிடவில்லை. இரண்டு குடும்பங்கள் கோபித்துக்கொண்டு வேறு சபைக்குப் போய்விட்டன. ரொட்டிக்கடைக்காரர் மனைவி போவதாகச் சொல்லிக்கொண்டே, மேல்மாடத்து ஜன்னல் இடத்தை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அடுத்த திருவிருந்தில் கெசையா தயங்கிக் கடைசி வரிசையில் உட்கார்ந்தபோது, அப்பத்தட்டு அவளிடம் வந்தது. கொண்டுவந்தது ஜேபஸ். முகத்தைப் பார்க்காமல்தான் நீட்டினான். அன்று மதியம் சாப்பிடும்போது, "அந்தக் கயிறு கட்டற எடம் சரியில்ல. ஒரு குறுக்குக்கட்டை போட்டா நிக்கும்" என்றான். அவள் நரகத்துக்குத் திரும்பியதற்கு அப்புறம் அவளிடம் அவன் பேசிய முதல் பேச்சு அது.

ஜூலையில் படம் கடற்பாலத்து அரங்கில் ஓடியது. முடிந்ததும் ஜனங்கள் காலைத் தரையில் உதைத்து மறுபடி போடச் சொன்னார்கள். மறுபடி போட்டார்கள். பென்ஃபோல்ட் கெசையாவை நிரந்தரமாக வைத்துக்கொண்டார். அடுத்த படத்துக்குக் கடலடி வேண்டும் என்றார். பாறை, பாசி, மீன், மூழ்கிய கப்பல். வெயில் விழும் திசை மாறிவிட்டதால் மேடையையும் தோட்டத்தின் மறுமூலைக்கு, மதிலை ஒட்டி நகர்த்திவிட்டார்கள்.

கெசையா முதல் படலில் பாசி வரைந்துகொண்டிருந்தபோது மேலே கண்ணாடியைத் தட்டும் சத்தம் கேட்டது. நிமிர்ந்தாள். போதகர் வீட்டு ஜன்னல் கதவு திறந்தது. கட்டிலிலிருந்து பார்த்தால் அந்த மூலை தெரியாது. டார்கஸ் தெரிந்தாள், இடுப்பு வரைக்கும் தெரிந்தாள். ஒரு கையால் ஜன்னல் விளிம்பையும் மறுகையால் ஊன்றுகோலையும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. ஆனால் நின்றிருந்தாள்.

"ஏ கெசையா! யாரைக் கேட்டு அங்க கொண்டுபோய் வச்சீங்க? எனக்கு ஒண்ணுமே தெரியல!"

"அம்மா! உக்காருங்கம்மா, விழுந்துடப் போறீங்க!"

"உக்காந்தா தெரியாதுங்கறேன்! அது என்னடி நெளிநெளியா? மீனா?"

"பாசிம்மா! மீனு நாளைக்கு!"

"அப்ப நாளைக்கு நான் கீழயே வந்துடறேன். ஒரு நாற்காலி போட்டு வை" என்றாள் டார்கஸ்.